ஆடுகள் போட்ட லைன்

“சார், கோரைமேட்டுக்குப் போற லைன் நீங்க போட்டதுதானே? அன்னிக்கு எல்லாரும் தெளிவாத்தான் இருந்தீங்களா?”

போன வாரம் போனில் இப்படிக் கேட்டது கீர்த்தனா. ஆரம்பாக்கம் பக்கத்தில் நான் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற அதே மின்சார ஆபீஸில் இப்போது உதவிப் பொறியாளர். என் மகள் வயது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். இப்போதெல்லாம் ஒவ்வொரு கம்பத்தடியிலும் செல்போனோடு போய் நின்று, கம்பம் இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றுகிறார்களாம். எல்லா லைனும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வந்ததாம். கோரைமேட்டு லைன் மட்டும் இடது பக்கம் போய், வலது பக்கம் திரும்பி, குட்டையை முக்கால் சுற்றுச் சுற்றி, வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு என்ன நினைத்ததோ மறுபடி வண்டிப்பாதைக்கே வந்து ஊருக்குள் போகிறதாம். ஆபீஸே கூடி நின்று சிரித்திருக்கிறது.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. காக்களூரில் மகன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து போனைப் பிடித்தபடி நான் குலுங்குவதைப் பார்த்து, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து என் மனைவி தண்ணீர் கொண்டு வந்தாள்.

“அது நாங்க போட்ட லைன் இல்லம்மா. ஆடு போட்டது” என்றேன்.

“சார், வீட்ல வேற யாராவது இருக்காங்களா?” என்றாள் கீர்த்தனா.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று என் மனைவி போனை வாங்கி உறுதி சொன்ன பிறகுதான் அவள் நம்பினாள். நடந்ததை எழுதிக் கொடுங்கள், ஆபீஸில் எல்லாரும் படிக்கிறோம் என்றாள். அதனால் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அந்த லைனை நேராக்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் குழி தோண்டும் கூலியாகச் சேர்ந்தேன். முதலில் குழி, பிறகு கயிறு இழுப்பது, பிறகு கம்பம் ஏறுவது. ஏறப் பழகிய நாட்களில் தொடையெல்லாம் தோல் உரிந்து, காலை அகட்டி அகட்டி வீட்டுக்கு நடந்தால் தெருவே கேலி பண்ணும். பிறகு ஹெல்பர், வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர். அதற்குள் தலைமுடி பாதி போய்விட்டது. பயிற்சி என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. மிச்சமெல்லாம் தணிகாசலம் சாரிடம் வாங்கிய “அப்புறம்?”தான்.

தணிகாசலம் சார் எங்கள் உதவிப் பொறியாளர். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். எதைச் சொன்னாலும் “அப்புறம்?” என்பார். “சார், கம்பம் நட்டாச்சு.” “அப்புறம்?” “ஸ்டே கம்பி கட்டியாச்சு சார்.” “அப்புறம்?” “கம்பி இழுத்தாச்சு சார்.” “அப்புறம்?” இப்படியே போய், எதைச் செய்யாமல் விட்டோமோ அந்த இடத்தில் நம் வாய் தானாக நின்றுவிடும். “எர்த் போடணும் சார்” என்று முனகுவோம். “போடு” என்று குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். இந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. வீட்டில் சோறு ஆகிவிட்டது என்று மனைவி சொன்னால் “அப்புறம்?” என்பேன். அப்புறம் நீயே போட்டுச் சாப்பிடு என்று பதில் வரும்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் முதன்முதலாக டிரான்ஸ்பார்மர் வைத்தோம். கரண்டு விடுகிற அன்று ஊரே திரண்டு வந்து அதற்கு மாலை போட்டது, பூசணிக்காய் சுற்றியது, கடைசியில் ஒரு தாம்பாளம் நிறையக் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வந்துவிட்டது. டிரான்ஸ்பார்மருக்குள்ளே முழுக்க எண்ணெய். ஒரு பொறி பட்டால் போதும். சார் பதறவே இல்லை. கைகூப்பி ஒரு கும்பிடு போட்டார். “அம்மா, இது இங்கயேதான் இருக்கப் போவுது. அந்தக் கடைசிக் கம்பத்தைப் பாருங்க, ஊருக்கு வெளிய தனியா நின்னுக்கினு கீது. மொதல்ல அதுக்குக் காட்டுங்க” என்றார். கூட்டம் அப்படியே திரும்பிப் போய்க் கம்பத்துக்கு ஆரத்தி எடுத்தது. இன்றைக்கும் ஆடி மாதம் அந்தக் கம்பத்தடியில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

இனி கோரைமேடு. ஆரம்பாக்கத்திலிருந்து நெல் வயல்களுக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் முப்பது நாற்பது வீடுகள். முன்பு அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள்தான். நான் சொல்கிற காலத்திலேயே பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குள் ஒரு மாதா கோயில், ஒரு அம்மன் கோயில். கரண்டு மட்டும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஊருக்கு மேலேயே பெரிய டவர் லைன் போகிறது. நாளெல்லாம் தலைக்கு மேலே ‘ங்ங்ங்’ என்று இரைந்துகொண்டே இருக்கும். பொழுது சாய்ந்து தெற்கே பார்த்தால் தொழிற்பேட்டை வெளிச்சத்தில் வானமே செம்மண் நிறமாகத் தெரியும். கீழே வீட்டுக்குள் சிம்னி விளக்கு.

கிராமங்களுக்குக் கரண்டு கொடுக்கும் அரசாங்கத் திட்டத்தில் ஒருவழியாக அந்த ஊர் பெயரும் வந்தது. அளவெடுக்கப் போன முதல் நாளே ரோஸ்மேரி அக்கா எங்களைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊர்ப் பெண்கள் குழுவின் தலைவி அவர். மனு கொடுக்கப் போய்ப் போய், கலெக்டர் ஆபீஸ் வாட்ச்மேன் அவருக்குச் சம்பந்தி மாதிரி ஆகியிருந்தார்.

“சார், மேல இவ்ளோ போய்க்கினு கீதே, ஒரு கொக்கி போட்டு எங்களுக்குக் கொஞ்சம் எறக்கிக் குடுத்தா இன்னா?”

“அதுல கொக்கி போட்டா கரண்டு எறங்காதும்மா, நாமதான் மேல போயிடுவோம்” என்றார் சார். “ஆளு கம்மியா இருக்கு. ஊரு கை குடுத்தா சீக்கிரம் முடியும்.”

“ஊரே வரும் சார். எம் புள்ளைக்கி இதால ஒரு கல்யாணம் நிக்கிது.”

மகன் மோசஸ் இரும்புக் கம்பெனியில் வெல்டர். பகலெல்லாம் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தால் சிம்னி வெளிச்சத்தில் மீன் முள் தேடுகிறவன். ஷிப்டுக்குப் போகும் ரயிலில் ஆரம்பாக்கத்துப் பெண் சுகந்தியோடு பழகி, இரண்டு வீட்டிலும் பேசி, எல்லாம் கூடிவந்து, கரண்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சுகந்தி நேரில் வந்துவிட்டாள், அப்பா ஆரோக்கியத்தையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் நேராக எங்களிடம் வந்தாள்.

“எத்தினி கம்பம் சார் வரும்? எங்கெங்க வரும்? எப்ப எரியும்?”

“ஏம்மா, மாப்பிள்ளையைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே” என்றேன்.

“அவரை ட்ரெயின்ல டெய்லி பாக்குறேன் சார். கம்பத்தைத்தான் பாத்ததில்ல. மோசஸைக் கட்டிக்கிறேன்னுதான் சொன்னேன், சிம்னியைக் கட்டிக்கிறேன்னு சொல்லல. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, தேளு கீதா பூரான் கீதான்னு செவுத்தைத் தடவிக்கினு கெடக்க என்னால ஆவாது.”

ஆரோக்கியம் அவளை விடக் கறார். “ஈஸ்டர் வரைக்கும் பாக்குறேன் சார். அதுக்குள்ள இங்க எரிஞ்சா இங்க. இல்லாட்டி சூலூர்பேட்டையாண்ட மெஸ் வெச்சிருக்கிற ஒரு புள்ள கேட்டுக்கினு கீறான். அவுங்க ஊட்டுல ரெண்டு ஃபேன் ஓடுது” என்றார். மோசஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த இரண்டு ஃபேனும் அவன் தலையிலேயே விழுந்தது போல நின்றான்.

போகும்போது சுகந்தி பின்தங்கி நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “சீக்கிரம் முடிங்க சார். எங்கப்பா சொன்னா செஞ்சிடுவாரு.” அதுவரை மேஸ்திரி மாதிரி மிரட்டிய பெண்ணின் கண் கலங்கியிருந்தது. எங்கள் ஆபீஸுக்கும் கிட்டத்தட்ட அதே கெடுதான். மார்ச் முடிந்தால் ஒதுக்கிய கம்பமும் கம்பியும் வேறு ஊருக்குப் போய்விடும்.

சர்வே என்பது எங்கள் தொழிலில் ஒரு சடங்கு மாதிரி. சவுக்குக் கட்டையைக் கூராகச் சீவி, தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, கம்பம் வரவேண்டிய இடத்திலெல்லாம் முளையாக அடிப்போம். சார் முதல் முளைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்ற முளையெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறதா என்று பார்ப்பார். ஏதாவது ஒன்று எட்டிப் பார்த்தால் குடையை ஆட்டுவார். பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும். இப்படிக் கோரைமேடு வரைக்கும் ஒரே நேர்க்கோடு போட்டோம். பார்க்கவே அழகாக இருந்தது. ஒரே ஒரு தொல்லை, அந்தக் கோடு சுப்பராம நைனாவின் நெல் வயலுக்கு நட்டநடுவே போனது.

நைனா மாட்டேன் என்று சொல்லும் ஆள் இல்லை. மோர் கொடுக்கும் ஆள்.

“நைனா, நாலே நாலு கம்பம்.”

“பாக்கலாம்பா. மொதல்ல மோரைக் குடி.”

“ஊருக்குக் கரண்டு நைனா.”

“வேணாம்னு யாரு சொன்னா? வயலு நடுவுல கம்பத்தை நட்டுட்டா அறுப்பு மிஷினு எப்படித் திரும்பும், நீயே சொல்லு. இன்னொரு டம்ளர் ஊத்தட்டா?”

அவர் கேட்டதில் தப்பும் இல்லை. மேலே எழுதி உத்தரவு வாங்கலாம், அதற்குள் மழைக்காலமே வந்துவிடும். நான் போனேன், சார் போனார், ரோஸ்மேரி அக்கா பெண்கள் குழுவோடு போனார். எல்லாருக்கும் மோர் கிடைத்தது. எனக்குச் சளி பிடித்தது. அடுத்த பட்டத்துக்கு உழுவதற்கு முன் நைனா தன் வயலில் இருந்த எங்கள் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, மரியாதையாக வரப்பில் அடுக்கி வைத்தார். மோசஸ் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா சொன்னார்.

இதற்கிடையில் எங்கள் முளைகளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. கோரைமேட்டில் வீட்டுக்கு இரண்டு ஆடாவது உண்டு. கூராகச் சீவிய நல்ல சவுக்கு முளை சும்மா நிற்பதைக் கண்டால் ஆடு வளர்க்கும் பெண் என்ன செய்வாள்? கட்டினார்கள். சுற்றிலும் புல் தீர்ந்ததும் முளையைப் பிடுங்கி இரண்டடி தள்ளி அடித்துக் கட்டினார்கள். மறுநாள் இன்னும் நாலடி. வரப்பில் கிடந்த முளைகளையும் வீணாக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன்னுடையது ஒன்றுதான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் சார் அடித்த இடத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பக்தியில் மட்டும் குறைவில்லை. “கரண்டு முளையாச்சே சார், அடுப்புல வெப்பமா?” என்று பிறகு எல்லம்மா என்ற அம்மா என்னிடமே கேட்டார்.

அடுத்து மோசஸ் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல், லீவு நாளில் கம்பெனி நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, குழியையாவது நாமே தோண்டிவைத்து சாருக்கு இன்ப அதிர்ச்சி கொடுப்போம் என்று கிளம்பிவிட்டான். குழி தோண்டும் விதத்தை நான்தான் அவர்களுக்குக் காட்டியிருந்தேன். கம்ப நீளத்தில் ஆறில் ஒரு பங்கு ஆழம் வேண்டும், கம்பம் வழுக்கிக்கொண்டு இறங்க ஒரு பக்கம் சரிவாக வெட்ட வேண்டும். அவர்கள் சிவப்புத் தலை முளை எங்கெங்கு இருந்ததோ அங்கெல்லாம் போய், ஆட்டை அவிழ்த்துவிட்டு, முளையைப் பிடுங்கிவிட்டு, குழி வெட்டினார்கள்.

மறுநாள் ரோஸ்மேரி அக்கா ஆபீஸுக்கே வந்து, கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள் என்று எங்களை அழைத்துப் போனார். கண்ணைத் திறந்தால், மணியான குழிகள். ஆழம் சரி, சரிவு சரி, ஓரம் கத்தியால் வெட்டியது போல. இடம்தான் ஒன்றுகூடச் சரியில்லை. சார் முதல் குழிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார். எழுந்து குடையை விரித்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏண்டா, இப்படி வளைஞ்சு வளைஞ்சு போவுதே, உனக்கு ஒண்ணும் தோணலையா?” என்று மோசஸைக் கேட்டேன்.

“நாங்க இன்னா சார் கண்டோம்? கரண்டு இப்படித்தான் வரும் போலன்னு நெனைச்சோம். நைனா வயலை வுட்டுட்டுப் போவுதேன்னு ஒரே குஷி.”

விசாரணை ஆரம்பித்தது. “என் ஆடு ரெண்டடிதான் சார் தள்ளுச்சு.” “என்னுது மூணடி. மாதா மேல சத்தியமா அதுக்கு மேல இல்ல.” “எல்லம்மா ஆடுதான் சார் குட்டைப் பக்கம் போச்சு.” “உன் ஆடு மட்டும் யோக்கியமா?” ஆடுகள் அங்கேயே நின்று அசைபோட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டன. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை, ஊரே சிரித்தது. சிரிக்காமல் நின்றது மோசஸும் ரோஸ்மேரி அக்காவும்தான். ஈஸ்டருக்கு அதிக நாள் இல்லை.

சார் மட்டும் குழி குழியாக நடந்துகொண்டிருந்தார். குட்டையோரம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏழுமலை, இந்தக் குழி இருக்கிற நிலம் யாருது?”

“குட்டைப் புறம்போக்கு சார்.”

“அப்புறம்?”

“அடுத்தது வண்டிப்பாதை சார்.”

“அப்புறம்?”

“அது வாய்க்கா கரை... சார்!” என் வாய் நின்றுவிட்டது. இந்த முறை விட்டுப்போனது எதுவும் இல்லாததால் நின்றது. ஒரு குழிகூடத் தனியார் நிலத்தில் இல்லை. எல்லாம் அரசாங்க இடம், யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சொந்த நிலத்திலெல்லாம் பயிர் நிற்கிறது, வாய் வைத்தால் கம்பால் அடி. புல் முளைப்பதும் அடி விழாததும் புறம்போக்கில்தான். ஆட்டுக்கு சர்வே நம்பர் தெரியாது, எங்கே அடி விழும் என்பது நன்றாகத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரை அழைத்து அளந்து பார்த்தோம். ஒரே ஒரு குழி மட்டும் நைனா நிலத்தின் மூலையை அரையடி தொட்டது. நைனா செம்போடு வந்து பார்த்தார். “அந்த ஆட்டை மட்டும் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக் கட்டச் சொல்லுப்பா” என்றார். அவ்வளவுதான் அவருடைய ஆட்சேபம்.

“இனிமே கம்பம் நட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் ஒரு ஆட்டையும் இடம் மாத்தக் கூடாது” என்று சார் உத்தரவு போட்டார். கைதட்டல் ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் வளைந்து போகிற லைனுக்குக் கம்பம் அதிகம் வேண்டும். கையில் இருந்தது நேர் லைனுக்கான கணக்கு, அஞ்சு கம்பம் துண்டு விழுந்தது. எங்கள் ஆபீஸ் பின்புறத்தில் லாரி மோதி வளைந்தது, வெட்டியது என்று பழைய இரும்புக் குழாய்க் கம்பங்கள் கிடந்தன. நல்ல துண்டுகளை ஒட்டிப் பயன்படுத்திக்கொள்ள சார் மேலதிகாரியிடம் போய் உட்கார்ந்து அனுமதி வாங்கி வந்தார். மோசஸின் கம்பெனி மேனேஜர், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் செட்டையும் இடத்தையும் கொடுத்தார். தன் கல்யாணத்துக்குத் தானே பந்தக்கால் செய்த மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து மோசஸ் ஒருத்தன்தான். சார் ஒவ்வொரு வெல்டிங் ஒட்டையும் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, “பரவாயில்லை” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. மோசஸுக்கு அதன் மதிப்பே தெரியவில்லை, சரி சார் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

கம்பம் ஏற்றிவர நைனா தன் டிராக்டரைக் கொடுத்தார், கூடவே மோர். ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பம் சாயாமல் இருக்க ஸ்டே கம்பி கட்டி மண்ணில் புதைத்து இறுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சீருடையோடு மண்வெட்டியை எடுத்தார்கள், ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள் ஒரு கயிறு இழுத்துவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடினார்கள். பெண்கள் ஒரு கயிறு, ஆண்கள் எதிர்க்கயிறு. பெண்கள் பக்கம் கம்பம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தால் ஆண்கள் மானம் போய்விடும் என்று இழுத்தார்கள். என் உத்தியோகத்தில் இவ்வளவு சத்தமாக, இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், வீட்டு ஒயரிங் வரைக்கும் எல்லாம் முடிந்தது. ஊரோரம் புதிதாக வைத்த டிரான்ஸ்பார்மரடியில் ஊரே வந்து நின்றது. சோதனை எல்லாம் பார்த்து, வேலை நடக்கும்போது பாதுகாப்புக்குப் போட்டிருந்த எர்த் கம்பிகளை எடுத்தாகிவிட்டது. கரண்டு விடுவதற்கு முன் சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. லைனில் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரையும் உரக்கக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் அவர் கண் எதிரே வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொன்னால் எடுபடாது. எவனாவது எங்காவது கம்பத்தின் மேலே இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டுவிட்டால் அவன் கதை முடிந்தது. வழக்கமாக எட்டுப் பத்துப் பெயர். அன்று லைனைத் தொட்டது மொத்த ஊர். அத்தனை பெயரையும் கூப்பிடுவேன் என்று நின்றுவிட்டார்.

“ரோஸ்மேரி!”

“கீறேன் சார்!”

“எல்லம்மா!”

“கீறேன் சார், என் ஆடும் கீது!”

“சுப்பராம நைனா!”

“கீறேம்பா, மோரும் எடுத்தாந்துட்டேன்!”

திருவிழா மாதிரி போய்க்கொண்டிருந்தது.

“மோசஸ்!”

பதில் இல்லை. “மோசஸ்!” இன்னொரு முறை கூப்பிட்டார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கடைசிக் கம்பத்துப் பக்கம் பார்த்தேன் என்றான் ஒருவன். ரோஸ்மேரி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் லைன் நெடுகிலும் ஓடினேன், நேர் லைனாக இருந்தால் நின்ற இடத்திலிருந்தே பார்த்திருக்கலாம். ஆடுகளைத் திட்டிக்கொண்டே அத்தனை வளைவிலும் ஓடி, கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துத் திரும்பி வந்தேன். எந்தக் கம்பத்திலும் இல்லை.

“எங்கியாச்சும் கடைக்குப் போயிருப்பான், நீங்க போடுங்க சார்” என்றார்கள்.

“அவன் வந்து நிக்கட்டும்” என்று சார் குடையை மடக்கிவிட்டு, டிரான்ஸ்பார்மர் மேடைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பொழுது மங்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் வண்டிப்பாதையில் ஒரு சைக்கிள் மணி. மோசஸ் நாக்குத் தள்ள மிதித்து வருகிறான். பின்னால் கேரியரில் சுகந்தி. அதற்கும் பின்னால் ஒரு மொபெட்டில் ஆரோக்கியம், ஏதோ கத்திக்கொண்டே. “கீறேன் சார்! கீறேன் சார்!” என்று அவன் தூரத்திலிருந்தே கூவினான்.

“எங்கடா போனே?”

“ஆரம்பாக்கம் சார். கரண்டு வரசொல்ல இவ இருக்கணும் இல்ல?”

“அப்புறம்?”

“அப்புறம் இவுங்கப்பாவும் கெளம்பி வந்துட்டாரு சார்.”

“அப்புறம்?”

மோசஸ் தலையைச் சொறிந்தான். “அப்புறம் கல்யாணம்தான் சார்.”

“மொதல்ல எரியட்டும். அப்பால பேசு” என்றார் ஆரோக்கியம், மொபெட்டை ஸ்டாண்ட் போட்டபடி.

சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் மாதாவையும் அம்மனையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

அதை எப்படி எழுதுவது? மேடு முழுக்க ஒரே நொடியில் விடிந்துவிட்டது. மாதா கோயில் சீரியல் பல்பு ஓடியது, அம்மன் கோயில் மைக்செட் அலறியது, ஆடுகள் எல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு நாலா பக்கமும் பாய்ந்தன. நைனா செம்போடு மோரைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டார். பெண்கள் வீட்டுக்கு வீடு ஓடி ஸ்விட்சைப் போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை, பக்கத்தில் நின்ற கிராம நிர்வாக அலுவலரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவரும் குதித்தார்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுகந்தி ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் கோபம்.

“இன்னா சார் இது, ஊரெல்லாம் எரியுது, எங்க ஊட்டுல மட்டும் எரியல!”

“எந்த வீடும்மா?” என்றார் சார்.

“எங்க ஊடு சார்! அதோ, மாதா கோயிலுக்குப் பின்னால!” என்று கையை நீட்டினாள். அத்தனை வெளிச்சத்துக்கு நடுவே ரோஸ்மேரி அக்காவின் வீடு மட்டும் இருட்டாக நின்றது. “இவரு இன்னாத்த ஒயரிங் பண்ணாரோ!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரோஸ்மேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. எல்லாரும் ஆரோக்கியத்தைப் பார்த்தோம். அவர் மகளைப் பார்த்தார், அந்த இருட்டு வீட்டைப் பார்த்தார், தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு அதட்டல் போட்டார்.

“இன்னாய்யா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறே? எம் பொண்ணு ஊட்டுல கரண்டு இல்ல, போய்ப் பாருய்யா!”

நான் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.